மூக்கைப் பொத்தாத பதினோரு பேர்

எங்கள் ஆபீசுக்கு வருகிற எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படியேறுவார்கள். ராயபுரத்தில், கருவாட்டு மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்தால் அப்படித்தான். எனக்கும் ஜானட்க்காவுக்கும் அந்த வாசனை தெரியாமல் போய்ப் பல வருஷமாகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தால் புது கேஸ், பொத்தாமல் வந்தால் வாடகை கேட்க வந்த மண்டிக்காரர். எங்கள் தொழிலின் முதல் பாடம் அதுதான்.

அன்று காலை வந்தவள் முந்தானையை இரண்டாக மடித்து மூக்கில் அழுத்தியிருந்தாள். புது கேஸ். நான் விழுந்தடித்துக்கொண்டு நாற்காலியைத் துடைத்தேன்.

என் பெயர் பென்னி. ஆட்டோ என்னுடையது, வாயும் என்னுடையது. மூளை மட்டும் ஜானட்க்காவுடையது. அக்கா முன்பு ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சரக்குத் திருட்டு விசாரித்தவர். ஹார்பரில் மாயமான முந்திரி மூட்டையை வாசற்படியில் கிடந்த தோலை வைத்தே கண்டுபிடித்தவர். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளைகளைவிட முந்திரி மேல் என்பார்.

"எம் பேரு ரமாபாய். மணலியாண்ட சடையங்குப்பம்," என்றாள் வந்தவள், முந்தானையை எடுக்காமலே. "எங்க வூட்டுக்காரரு வேலைய ஒருத்தன் புடுங்கிகினான். அவன் யாருன்னு எனக்குத் தெர்யணும்."

"வேலையா, சங்கிலியா?" என்றேன். "புடுங்கினதுன்னா ஸ்டேஷனுக்குத்தான் போவணும்."

"அங்க போயிட்டுத்தான் வர்றேன். ஆதாரம் கொண்டான்றாரு. ஆதாரத்த நானே தேடணும்னா அவருக்கு எதுக்குத் தொப்பி?"

ஜானட்க்கா சிரித்துவிட்டார். அக்காவைச் சிரிக்க வைத்தால் பாதி ஃபீஸ் தள்ளுபடி என்று எனக்குத் தெரியும். வயிறு எரிந்தது.

ரமாபாய் சொன்ன கதை இது. அவள் புருஷன் நீலமேகம், வெல்டர். மணலி விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒடுங்கிப்போன கன்டெய்னர்களை நிமிர்த்தி ஒட்டுப் போடுகிற வேலை. நாளுக்குத் தொள்ளாயிரம். ஒருநாள் லேபர் கான்ட்ராக்டர் செல்வநாதன் வந்து, இனிமேல் ஐநூறு என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, "நான் இன்னா பண்றது? பங்களாதேஷ்லேர்ந்து பேப்பர் இல்லாம வந்தவன் ஐநூறுக்கு ரெடியா கீறான். பேசாம செய்றான். இஷ்டம்னா இரு" என்று கையை விரித்தாராம். நீலமேகம் வெல்டிங் முகமூடியைக் கழற்றி அவர் காலடியில் எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டான். கூட வேலை செய்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"இப்போ அங்க பதினோரு பேரு கீறாங்கோ. பேச்சு கெடயாது. லீவு கெடயாது. மூஞ்சிய துண்டால சுத்திகினு கீறாங்கோ. கள்ளத்தனமா வந்தவன்தான் மூஞ்சிய மறைப்பான்."

"உங்க வூட்டுக்காரரு இப்போ?" என்றார் ஜானட்க்கா.

"மீஞ்சூர்ல ஒரு குடோனுக்குப் பகல் வாட்ச்மேன். ஐநூறு."

"அங்க அதே ஐநூறுக்குத்தானே மாட்டேன்னாரு?"

"இது வேறக்கா. இது கௌரவமான ஐநூறாம். அவரே சொன்னாரு." அவள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "ஊர்ல நெஞ்ச நிமித்திகினு நடந்த ஆளு. இப்போ தலைய குனிஞ்சுகினு போறாரு, தலைய குனிஞ்சுகினு வர்றாரு. நாளெல்லாம் வெயில்ல கேட்டாண்ட நின்னு கண்ணு எரியுதுன்றாரு. வந்ததும் கண்ணுமேல உருளைக்கெழங்க வெட்டி வெச்சுகினு படுத்துக்கிறாரு. எங்கூட பேச்சே இல்ல. எனக்கு அந்த வேலை திரும்ப வேணும்க்கா. அந்த ஆளும் திரும்ப வேணும்."

ஜானட்க்கா டீ கிளாஸை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். "உருளைக்கெழங்கா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. இப்போ கெழங்கு விலை அதிகம்," என்றார். அக்கா விலைவாசி பேசினால் ஏதோ பொறி தட்டிவிட்டது என்று அர்த்தம். என்ன பொறி என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

* * *

என் ஆட்டோ திருவொற்றியூரைத் தாண்டி மேற்கே திரும்பியது. யார்டுக்குப் போகிற முனையில் ஒரு பெரிய பேனர். 'கள்ளக்குடியேறிகளே, வெளியேறுங்கள்! எங்கள் வேலை எங்களுக்கே!' கீழே கைகூப்பி நிற்கிற ஒரு வெள்ளைச் சட்டை.

"இவர்தான் செல்வநாதன்," என்றாள் ரமாபாய். "பாவம், மனுசன் அவர் துட்டப் போட்டு பேனர் வெச்சுகீறாரு."

"நிறுத்து பென்னி," என்றார் அக்கா. பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆள வேலைக்கி வெச்சவரும் இவர்தான். ஆள வெளிய போங்கன்றவரும் இவர்தான்."

"சோத்தப் போட்டுட்டு ஏன் தின்றேன்னு கேக்குற பார்ட்டி," என்றேன்.

"இல்லடா. பேயிருக்குன்னு பயமுறுத்துறவன் வூட்டாண்டதான் தாயத்து விப்பாங்க."

யார்டுக்கு எதிரே டீக்கடை. வெளியே வரிசையாக ட்ரெய்லர் லாரிகள். உள்ளே சுவர் உயரத்துக்கு மேல் கன்டெய்னர்கள் நாலு அடுக்காக நின்றன. சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. ரமாபாய் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ஒருவர் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். "இன்னா நைனா, புதுசா கீறே? யார்டுல வேலை தேடி வந்தியா? உள்ளூருன்னா உள்ள வுட மாட்டானுங்கோ, டபாய்ச்சுடுவானுங்கோ," என்றார் என்னிடம்.

"நீங்க எந்த ஏரியா? தண்டையார்பேட்டையா?"

"முர்ஷிதாபாத்து. பேரு கமாலுதீன்."

எனக்கு டீ புரையேறியது. அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "ஆறு வருஷமாவுது நைனா. மேற்கு வங்காளம். அது இந்தியாலதான் கீது. இத்த போலீஸாண்ட சொல்லி சொல்லியே தமிழ் கத்துகினேன்."

ஜானட்க்கா நகர்ந்து வந்து உட்கார்ந்தார். "இந்த யார்டுல பங்களாதேஷ்காரங்க இருக்காங்களாமே?"

"அத்த ஏங்கா கேக்குறே! முன்னாடி அங்க நாங்கதான் இருந்தோம். உள்ளூர் ஆளுங்களும் நாங்களும் ஒண்ணா. எல்லாருக்கும் தொள்ளாயிரம். எங்களுக்குத் தங்க ரூமு, சமைக்க கேஸு, பண்டிகைக்கு ரயில் டிக்கெட்டு. அப்பால செல்வநாதன் கணக்குப் போட்டுப் பாத்தாரு. 'வடக்கத்தியான் செலவு சாஸ்தி'ன்னு எங்கள தொரத்திட்டாரு. இப்போ பக்கத்து யார்டுல கீறேன்."

"வடக்கத்தியானுக்கு செலவு அதிகமா? குறைஞ்ச கூலிக்கு வர்றதா இல்ல பேச்சு?"

"யாரு சொன்னா? கூரை வேணும், சோறு வேணும், ஊருக்குப் போவணும். சும்மாவா வந்தோம்?" மீதி பன்னை வாயில் போட்டுக்கொண்டார். "எங்கள அனுப்பிட்டு பங்களாதேஷ் ஆளுங்கள கொண்டாந்துகீறார்னாங்கோ. நம்ம பாஷை பேசி எவ்ளோ நாளாவுதுன்னு ஆசையா ஓடினேங்கா. கேட்டாண்ட பாத்து, 'எந்த ஜில்லா தம்பி'ன்னு வங்காள பாஷைல கேட்டேன். பதினோரு பேரும் ஒரே கக்கூஸ்ல போயி பூந்துகினானுங்கோ."

"கடன் வாங்கியிருப்பானுங்களோ?" என்றேன்.

"ஊர் விட்டு ஊர் வந்தவன் காதுல சொந்த பாஷை விழுந்தா அழுவான்டா. கக்கூஸுக்கு ஓட மாட்டான்," என்றார் ஜானட்க்கா.

அப்போதுதான் காற்று திரும்பியது.

மணலிப் பக்கமிருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுகின முட்டையைக் கெரசினில் வேகவைத்த மாதிரி. எந்தக் கம்பெனி விட்டது என்று இதுவரை எந்தக் கம்பெனியும் ஒத்துக்கொண்டதில்லை. டீ மாஸ்டர் கழுத்திலிருந்த மாஸ்கை மேலே இழுத்தார். லாரிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றினார்கள். கேட்டில் நின்ற ஒடிசா செக்யூரிட்டி மாஸ்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டார். கமாலுதீன் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு, "ஆறு வருஷமாவுது, இது மட்டும் பழகல," என்று முனகினார். எனக்குக் காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஜானட்க்கா கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

ரமாபாய் நிதானமாக டீ உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு நாறலியா?" என்றேன் மூச்சை அடக்கிக்கொண்டு.

"இன்னா நாத்தம்?" அவள் சுற்றிலும் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெர்லியே. உங்க ஆபீசாண்டதான் நாறிச்சு. கொடல புடுங்கிச்சு."

ஜானட்க்கா கைக்குட்டைக்கு மேலே அவளையே பார்த்தார். பிறகு எழுந்தார். "நீங்க இங்கயே இருங்க. நாங்க உள்ள போய் ஒரு கன்டெய்னர் வாங்கிட்டு வர்றோம்."

* * *

செல்வநாதன் பேனரில் இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டு. பேனரில் இல்லாத ஒரு கைக்குட்டையை மூக்கில் பிடித்திருந்தார். பிரியாணிக் கடை வைக்க ஒரு பழைய கன்டெய்னர் வேண்டும் என்று அக்கா சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ரெண்டு ஜன்னல் வெட்டித் தர்றேன் மேடம். முன்னாடி ஒரு கவுன்டர். நம்ம பசங்க கில்லாடிங்க."

"லோக்கல் பசங்களா?"

"ஐயோ, லோக்கலா!" பாம்பை மிதித்தவர் மாதிரி குதித்தார். "லோக்கல் ஆளே கூடாதுன்னு கம்பெனி மேனேஜர் ஸ்ட்ரிக்டா சொல்ட்டாரு. லோக்கல்னா வாரத்துக்கு ஒரு சாவு, மாசத்துக்கு ஒரு யூனியன். இவங்கோ..." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கத்து ஆளுங்க. எல்லைக்கு அந்தாண்ட. பேப்பர் கெடயாது. பாஷை தெரியாது. கையக் காட்டினா செய்வாங்கோ. அனாதைங்க மேடம். நான்தான் கஞ்சி ஊத்துறேன்."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"அவரு எதயும் கேக்கல. நான் எதயும் சொல்லல. அப்டியே நல்லா போய்கினு கீது."

கன்டெய்னர் அடுக்குக்குப் பின்னால் டீ நேரம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அங்கே அந்தப் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலையின்போது முகத்தைச் சுற்றியிருந்த துண்டுகளைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மசால்வடை. அந்த நாற்றத்தில், நானும் அக்காவும் செல்வநாதனும் மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கிறோம். ஒருவன் வடையைக் கடித்துவிட்டு, ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி காற்றை ஆழமாக இழுத்து விட்டான்.

எங்களைப் பார்த்ததும் துண்டுகள் மேலே ஏறின. பதினோரு ஜோடிக் கண்கள் மட்டும் மிச்சம். அதில் ஒரு ஜோடி மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

செல்வநாதன் போன் பேச நகர்ந்தார். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கருவாடு உனக்கு நாறுதா?"

"இல்லக்கா."

"ரமாபாய்க்கு?"

"கொடல புடுங்கிச்சுன்னாங்க."

"இந்தக் காத்து?"

"எனக்குக் கொடல புடுங்குது. அவங்களுக்கு நாறல."

"ஆறு வருஷம் ஆன கமாலுதீனுக்கே நாறுது. நேத்து எல்லை தாண்டி வந்தவனுக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். மசால்வடைகள் துண்டுக்குக் கீழே நுழைந்து காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒருவருக்கும் வாந்தி வருகிற அறிகுறியே இல்லை.

"அடப்பாவிங்களா!"

"இந்தக் காத்து நாறாம இருக்கணும்னா தொட்டில்லேர்ந்து குடிச்சிருக்கணும்டா. பங்களாதேஷும் இல்ல, பர்மாவும் இல்ல. பதினோரு பேரும் சடையங்குப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளூர் ஆள் வேண்டாம் என்று மேனேஜர் சொல்கிறார். வெளியூர் ஆள் ரூம் கேட்கிறான், டிக்கெட் கேட்கிறான். செல்வநாதன் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்திருக்கிறார், உலகத்திலேயே மலிவான தொழிலாளி யார் என்று. சொந்த ஊரிலேயே கள்ளக்குடியேறியாக நடிக்கிறவன். அவனுக்கு ரூம் வேண்டாம், வீடு இருக்கிறது. ரயில் வேண்டாம், சைக்கிள் இருக்கிறது. உரிமை மட்டும் கிடையாது, ஏனென்றால் அவன் இல்லவே இல்லை. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பிறந்த ஊரில் உழைக்க ஒருவன் வாயைக் கட்டிக்கொண்டு ஊமையாகணும் என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அக்கா, அப்போ நீலமேகம் வேலைய புடுங்கினவன் ஒரு உள்ளூர்க்காரன். ரமாபாயாண்ட எப்படி சொல்றது?"

"அது இல்லடா கஷ்டம்," என்றார் அக்கா. "காலைலேர்ந்து என்னைக் குடையிறது அந்த உருளைக்கெழங்கு."

அதற்குள் கேட்டில் சத்தம். ஒடிசா செக்யூரிட்டியின் விசில் ஒரு பக்கம் பறந்தது, தொப்பி மறுபக்கம். ரமாபாய் புயல் மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் நான் பெஞ்சுல குந்திகினு இருக்கிறது? எங்க அந்தப் பேமானி?"

"ரமாபாய், நில்லுங்க!" அக்கா குறுக்கே போனார்.

நிற்கிற ஜாதி இல்லை அவள். யார்டின் மூலையில், வெல்டிங் மெஷின் பக்கத்தில், சிவந்த கண்காரன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். "தோ, இந்த எடம்தான்! எங்க வூட்டுக்காரரு நின்ன எடம்! டேய், எந்த நாட்டுலேர்ந்துடா வந்து என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டே? மூஞ்சியக் காட்றா!"

துண்டைப் பிடித்து ஒரே இழுப்பு.

துண்டு அவள் கையில் வந்துவிட்டது. அவள் கை அப்படியே காற்றில் நின்றது. அவன் ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா ரமா," என்றான் நீலமேகம். "நான்தான் புடுங்கினேன்."

வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டால் வெல்டர்கள் உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு படுப்பார்கள் என்பது ஹார்பரில் சுற்றின ஜானட்க்காவுக்குத் தெரியும். குடோன் வாட்ச்மேனுக்கு எதற்குக் கிழங்கு? எனக்கு இப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்கில் கிழங்கு நறுக்கிக் கொடுத்த ரமாபாய்க்கு, பழக்க தோஷத்தில் அது உறைக்கவே இல்லை. கருவாடு மாதிரிதான் அதுவும்.

"முகமூடிய அவர் காலாண்ட வுட்டெறிஞ்சுட்டு வந்தேன்னு நீ ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டே," என்றான் அவன் மெதுவாக. "எங்க போனாலும் லோக்கலான்னு கேட்டு கதவ சாத்துறான். திரும்பி இங்கயே வந்தேன். 'லோக்கலா வந்தா வேலை இல்ல, பங்களாதேஷ் ரஃபீக்கா வந்தா ஐநூறு'ன்னாரு. இவனுங்களும் ஒவ்வொருத்தனா வந்தானுங்கோ. உன்னாண்ட எப்டி சொல்வேன்? தொள்ளாயிரத்துக்கு நின்ன எடத்துல ஊமையா ஐநூறுக்கு நிக்கிறேன்னு எப்டி சொல்வேன்?"

ரமாபாய் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். துண்டுக்கு மேலே இருந்த கண்களெல்லாம் அவள் தெருவில் தினம் பார்க்கிற கண்கள். ஒன்றுகூட அவளை நேராகப் பார்க்கவில்லை.

செல்வநாதன் ஓடிவந்தார். "வாய மூடு, வாய மூடு, மேனேஜர் வர்றாரு!"

மேனேஜர் வந்தேவிட்டார். மஞ்சள் ஹெல்மெட், மடிப்புக் கலையாத பேன்ட், மூக்கில் பஞ்சு வைத்த மாஸ்க். "என்ன கலாட்டா? யாரும்மா நீங்க? இவங்களை உங்களுக்குத் தெரியுமா? லோக்கலா இவங்க?" செல்வநாதன் பக்கம் திரும்பினார். "லோக்கல்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே அத்தனை பேரும் வெளியே. நீங்களும்தான்."

மற்ற பத்துப் பேரும் ரமாபாயைப் பார்த்தார்கள். நீலமேகமும் பார்த்தான். 'தெரியும்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு அடுப்பு அணையும். அவளுக்கு அது தெரியும்.

"தெரியாது சார்," என்றாள்.

செல்வநாதன் பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சை அவர் திரும்ப எடுப்பதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"பங்களாதேஷ்காரங்கோ சார். பேப்பர் கெடயாது. நான் ஏற்கெனவே ஸ்டேஷன்ல சொல்லிக்கீறேன். ஆதாரம் கேட்டாங்கோ. தோ, பதினோரு ஆதாரம் நிக்கிது. யக்கா, போன் போடு."

ஜானட்க்கா ஒரு வினாடி அவளைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் முந்திரித் தோலுக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். போனை எடுத்து ஸ்டேஷன் நம்பரைத் தட்டி, பச்சைப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்துக்கொண்டார். "பேப்பர் இல்லாத வெளிநாட்டு ஆள வேலைக்கு வெச்சா, முதல் விசாரணை வேலை செஞ்சவனாண்ட இல்ல சார். வேலை குடுத்தவராண்ட," என்றார் இனிமையாக.

மேனேஜரின் மாஸ்க் உள்ளே போய் வெளியே வந்தது. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்! செல்வநாதன்! இவங்க லோக்கல்தானே?"

"லோக்கல்தான் சார்! பக்கா லோக்கல்! சுத்த சடையங்குப்பம்!"

"பார்த்தீங்களாம்மா? மண்ணின் மைந்தர்கள்! முகத்தைப் பார்த்தாலே தெரியலை? டேய், துண்டை எடுங்கப்பா! தமிழ்ல பேசுங்க! யாராவது ஏதாவது பேசுங்களேன்!"

கடைசியில் நின்ற ஒரு கிழடுதட்டிய ஃபிட்டர் துண்டை எடுத்தார். இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்த பாக்கி மொத்தத்தையும் செல்வநாதனைப் பார்த்து ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்தார். கஸ்மாலத்தில் தொடங்கி, செல்வநாதனின் வம்சம் முழுக்க நடந்துவிட்டு, சோமாறியில் வந்து நின்றது. அச்சில் போட முடியாது. ஆனால் அதைவிடத் தூய்மையான தமிழ்நாட்டு அடையாளச் சான்றிதழை எந்தத் தாசில்தாரும் கொடுத்திருக்க முடியாது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" மேனேஜருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

ரமாபாய் தலையை ஆட்டினாள். "தமிழ் யாருன்னாலும் கத்துக்கலாம் சார். வெளிய டீக்கடைல கமாலுதீன் என்னியவிட நல்லா பேசறாரு."

"அம்மா, நல்லா பாருங்க. இவரைத் தெரியலையா உங்களுக்கு?" மேனேஜர் நீலமேகத்தைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "உங்க ஊர் முகம்தானே?"

அவள் புருஷனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஜாடை கொஞ்சம் கீது. ஆனா கெடயாது சார். எங்க ஊரு வெல்டர்னா தொள்ளாயிரம் வாங்குவான். நெஞ்ச நிமித்திகினு வாங்குவான். இந்த ஆளு ஐநூறுக்கு நிக்கிறான். அப்போ இவன் எங்க ஊரு இல்ல."

நாற்றத்தை மறந்து வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"சரி, தொள்ளாயிரம்!" என்றார் மேனேஜர்.

"பதினோரு பேருக்குமா?"

"பதினோரு பேருக்கும்! செல்வநாதன், இன்னிலேர்ந்து தொள்ளாயிரம்!"

"அவங்க அவங்க சொந்தப் பேருலயா?" என்றார் ஜானட்க்கா, கட்டைவிரலை எடுக்காமலே.

"சொந்தப் பேர்லதான்!"

"வாரம் ஒரு சாவுக்கு லீவு?" என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். அக்கா காலை மிதித்தார்.

ரமாபாய் முந்தானையால் நீலமேகத்தின் கன்னத்திலிருந்த கரியைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள். "இப்போ கொஞ்சம் தெரிஞ்ச மூஞ்சி மாதிரி கீது," என்றாள்.

* * *

கேட்டுக்கு வெளியே கமாலுதீன் காத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எல்லாமே அவர் காதுக்கு வந்திருந்தது.

"யக்கா, மறுபடி தொள்ளாயிரமாமே? அப்போ எங்க ஆளுங்களும் வரலாமா?"

காலையில் என்றால் ரமாபாய் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இப்போது கொஞ்சம் யோசித்தாள். "வா. ஆனா அதே தொள்ளாயிரம் கேளு. ஒரு ரூவா கொறச்சே, உன்னையும் எனக்குத் தெரியாது."

பின்னாலிருந்து ஓடிவருகிற சத்தம். நீலமேகம். முகத்தில் துண்டு இல்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "ரமா, சாயங்காலம் சீக்கிரமா வூட்டுக்கு வந்துர்றேன்."

"எந்த வூட்டுக்கு?"

"இன்னா ரமா, நம்ம வூட்டுக்குத்தான்."

"அது எங்க வூட்டுக்காரரு நீலமேகம் வூடு. அவரு மீஞ்சூர்ல வாட்ச்மேனா கீறாரு. ரஃபீக்கு உள்ள வரணும்னா விசா எடுத்துகினு வரணும்." திரும்பிப் பார்க்காமல் வந்து ஆட்டோவில் ஏறினாள்.

ஒடிசா செக்யூரிட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு எந்த வார்த்தை புரிந்ததோ தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் ஊரில் வீடு இருக்கலாம்.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். ரமாபாய் முந்தானையை இரண்டாக மடித்து மூக்கின்மேல், கண்வரைக்கும் வைத்து அழுத்தியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லபா. இன்னா நாத்தம் இந்த எடத்துல," என்றாள்.

காற்று எப்போதோ கடல் பக்கம் திரும்பிவிட்டது. நாற்றம் துளிகூட இல்லை. ஜானட்க்கா தன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆமா, தாங்க முடியல," என்றார். நானும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவை ஓட்டினேன்.